ஊற்றுக் குழியும் யூரோப்பாவின் காற்றும்: பனி நிலவுகள் வாயுவை இழக்கும் விதம்

தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக நிற்பதால் கிடைக்கும் ஊற்று அது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். எப்போது எட்டிப் பார்த்தாலும் குழியில் அரைக் குடம் தேறாது. ஆனாலும் விடியலிலிருந்து பொறுமையாக மொண்டால் வீட்டுப் புழக்கத்துக்கு ஆகிவிடும். ஊறுவதைவிட வேகமாக மொண்டால் உவர் ஏறும்.

வியாழனின் நிலவான யூரோப்பாவின் காற்றும் இப்படியோர் ஊற்றுதான். அங்கே நிற்பது கொஞ்சம். வருவதும் போவதும் ஓயாது. நிற்கும் அளவை மட்டும் பார்த்துவிட்டு "அங்கே வளிமண்டலமே இல்லை" என்று தள்ளிவிடுகிறவர்களும், ஆக்ஸிஜன் என்ற பெயரைக் கேட்டதும் "அங்கே மூச்சு விடலாமா" என்று கிளம்புகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். கண்மாயை அளக்கும்போது நிற்கும் நீரோடு வரத்துக் கால்வாயையும் கலுங்கையும் சேர்த்துப் பார்க்கிறோம் இல்லையா, அதே கணக்கு இங்கேயும் வேண்டும்.

யூரோப்பாவின் தரையில் ஒரு சதுர சென்டிமீட்டரை எடுத்துக்கொள்வோம். அதற்கு நேர் மேலே உள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ நான்கு கோடி கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் பாம்பன் கரையில் அதே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும் நம் காற்றில் அதைப்போல ஐயாயிரம் கோடி மடங்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. யூரோப்பாவின் காற்றழுத்தம் நம் கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு லட்சம் கோடியில் மூன்று பங்கு. 3,122 கி.மீ. விட்டமுள்ள அந்த நிலவு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் மொத்த ஆக்ஸிஜன் சுமார் 6,500 டன்.

இனி வரத்து. 2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் யூரோப்பாவுக்கு 352 கி.மீ. உயரத்தில் கடந்து சென்றது. அதிலிருந்த ஜேட் என்ற கருவி, அந்த நிலவிலிருந்து பிடுங்கப்பட்டு ஓடும் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களையும் மூலக்கூறுகளையும், எண்ணியது. 2024-ல் வெளிவந்த முடிவு: யூரோப்பாவின் பனியில் நொடிக்கு சுமார் 12 கிலோ ஆக்ஸிஜன் உண்டாகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் டன். இருக்கும் 6,500 டன்னை இந்த வரத்தால் வகுத்தால் ஆறு நாள் சொச்சம் வரும். ஒரு வாரத்துக்கு ஒருமுறை யூரோப்பாவின் காற்று முழுவதும் புதிதாகிறது என்பதே இதன் பொருள். நம் வளிமண்டல ஆக்ஸிஜன் மாறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

எங்கிருந்து ஊறுகிறது

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடும். அதன் காந்தப்புலமும் கூடவே சுழலும். அந்தப் புலத்தில் சிக்கிய மின்னேற்றத் துகள்கள், அதாவது பிளாஸ்மா, ராட்டினத்தில் உட்கார்ந்ததுபோல் சேர்ந்தே சுற்றும். வியாழனிலிருந்து 6,71,000 கி.மீ. தொலைவில், யூரோப்பா இருக்கும் இடத்தில், அந்தப் பிளாஸ்மாவின் வேகம் நொடிக்கு 118 கி.மீ. வரை போகும். யூரோப்பாவின் சொந்த வேகம் நொடிக்கு 13.7 கி.மீ. தான். அதனால் பிளாஸ்மா நிலவை முந்திக்கொண்டு ஓடுகிறது. நொடிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வந்து மோதுகிறது. கச்சான் காற்றோடு போகும் வள்ளத்தின் முதுகில் காற்று அறைவதுபோல. யூரோப்பா எப்போதும் ஒரே முகத்தை வியாழனுக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதால் அடிபடுவதும் எப்போதும் ஒரே பின்பக்கம்தான். அந்தப் பக்கத்தின் பனி மங்கிச் சிவந்திருப்பதற்கு இந்த அடியும் ஒரு காரணம்.

இந்தப் பிளாஸ்மாவில் மிகுதியாக இருப்பவை கந்தகமும் ஆக்ஸிஜனும். அவை வந்தது அயோவிலிருந்து. நீர்ப்பனியே இல்லாத, எரிமலைகள் பொங்கும் அந்த வியாழன் நிலவு நொடிக்கு ஏறக்குறைய ஒரு டன் பொருளைத் தன்னைச் சுற்றியுள்ள வெளிக்கு இழக்கிறது. பக்கத்து நிலவு இழந்த வாயுதான் மின்னேற்றம் பெற்று இங்கே வந்து மோதி, யூரோப்பாவுக்கு ஒரு வளிமண்டலத்தையே உண்டாக்கித் தருகிறது. இந்தத் தொடர்பைக் கவனிக்காமல் யூரோப்பாவைத் தனியாகப் படித்தால் பாதிதான் புரியும்.

அயனி பனியில் பாய்ந்தால் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, அடிபட்ட இடத்தில் நீர் மூலக்கூறுகள் முழுசாகத் தெறித்து மேலே கிளம்பும். மற்றொன்று, பனிக்குள் நீர் உடைந்து, உடைந்த துண்டுகள் ஹைட்ரஜன் மூலக்கூறாகவும் ஆக்ஸிஜன் மூலக்கூறாகவும் சேர்ந்துகொள்ளும். ஆக, மூன்று வாயுக்கள் கிளம்புகின்றன: நீராவி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். மூன்றுக்கும் மூன்று தலைவிதி.

நீராவிக்குப் பறந்துபோகும் வேகம் போதாது. யூரோப்பாவை விட்டு ஒரு பொருள் திரும்பாமல் போக நொடிக்கு 2.02 கி.மீ. வேகம் வேண்டும், இதுதான் அதன் விடுபடு வேகம். தரை வெப்பநிலை சுமார் 100 கெல்வின், அதாவது மைனஸ் 173 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் நீர் மூலக்கூறின் வழக்கமான வேகம் நொடிக்கு 300 மீட்டர். மேலே போனது விழும். விழுந்த இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே தாவலோடு அதன் கதை முடிந்தது.

ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை நீரில் ஒன்பதில் ஒரு பங்கு. அதே வெப்பத்தில் அதன் வழக்கமான வேகம் 900 மீட்டரைத் தொடும். விடுபடு வேகத்தில் பாதிதானே என்று தோன்றலாம். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதுதான் இங்கே சங்கதி. சராசரியைப்போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடும் சில எப்போதும் இருக்கும், அவை தப்பிவிடும். தரையைத் தொட்டு மறுபடி வெப்பம் வாங்கிக் கிளம்பும் மற்றவற்றில் இன்னும் சில தப்பும். கொஞ்ச நேரத்தில் கூட்டமே கரைந்துவிடும். வெப்பத்தின் பலத்தால் மட்டும் நடக்கும் இந்தக் கசிவை முதலில் கணக்கிட்டவர் ஜேம்ஸ் ஜீன்ஸ். அவர் பெயராலேயே ஜீன்ஸ் வெளியேற்றம் என்கிறார்கள்.

ஆக்ஸிஜன் மூலக்கூறு ஹைட்ரஜனைப்போல 16 மடங்கு கனம். அதன் வேகம் நொடிக்கு 230 மீட்டர் அளவில்தான் இருக்கும். விடுபடு வேகம் அதற்கு ஒன்பது மடங்கு மேலே. இந்த விகிதத்தின் வர்க்கம், ஏறக்குறைய 80, தப்பும் வாய்ப்பைக் குறைக்கும் அடுக்காகக் கணக்கில் போய் உட்காரும். வெப்பத்தால் தப்பும் வாய்ப்பு சுழியம் என்றே சொல்லிவிடலாம். பூமியில் ஒரு கைக்கணக்கு உண்டு: விடுபடு வேகம் வாயுவின் வேகத்தைப்போல ஆறு மடங்குக்கு மேலிருந்தால் அந்த வாயு காலகாலத்துக்கும் தங்கும். ஆக்ஸிஜன் யூரோப்பாவில் அந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. உறைந்து ஒட்டவும் ஒட்டாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது பனியாகப் படிய வேண்டுமானால் 30 கெல்வின் போன்ற கடுங்குளிர் வேண்டும். எனவே அது தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலும் இருபது கி.மீ. உயரம், ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம். காற்று அவ்வளவு தளர்வாக இருப்பதால் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதாமல் பத்து இருபது கிலோமீட்டர் போய்விட முடியும். நம் கடற்கரைக் காற்றில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று அரிதாகவே சந்திக்கும் இத்தகைய காற்றைப் புறவளி மண்டலம் என்பார்கள். நம் பூமியில் அது பல நூறு கி.மீ. உயரத்துக்கு அப்பால்தான் தொடங்கும். யூரோப்பாவில் காலடியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆக, ஹைட்ரஜன் போய்விடும், நீர் ஒட்டிவிடும், மிஞ்சுவது ஆக்ஸிஜன். நீர்ப் பனியால் மூடிய ஒரு நிலவில் ஆக்ஸிஜன் காற்று இருப்பதற்குக் காரணம் இந்தச் சல்லடைதான். அங்கே பாசியும் இல்லை, மரமும் இல்லை. உயிரின் தடயமாக இதைக் காட்டுவது தவறு.

தப்பாத வாயு எப்படித் தப்புகிறது

வெப்பத்தால் போக முடியாத ஆக்ஸிஜன் வாரத்துக்கொருமுறை மாறுகிறது என்றால் வேறு வழி இருக்க வேண்டும். இருக்கிறது, ஒன்றல்ல, பல. எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது அதே பிளாஸ்மா.

முதல் வழி, மின்னேற்றம். விரைந்து வரும் ஓர் எலக்ட்ரான் ஆக்ஸிஜன் மூலக்கூறில் மோதி அதிலுள்ள ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. மூலக்கூறு அயனியாகிறது. அயனியான அந்த நொடியே அது யூரோப்பாவின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டதல்ல. வியாழனின் காந்தப்புலம் அதைக் கொத்திக்கொண்டு நொடிக்கு நூறு கி.மீ. வேகத்தில் இழுத்துப் போகும். விடுபடு வேகத்தைப்போல ஐம்பது மடங்கு. ஜூனோ எண்ணியது இப்படிப் பிடுங்கப்பட்ட அயனிகளைத்தான்.

இரண்டாவது, உடைப்பு. எலக்ட்ரான் மோதி ஆக்ஸிஜன் மூலக்கூறு இரண்டு அணுவாகப் பிளக்கும்போது அணுக்கள் எதிரெதிர்த் திசையில் விசையோடு பாயும். ஓர் ஆக்ஸிஜன் அணு யூரோப்பாவை விட்டுப் போக 0.34 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு) ஆற்றல் போதும். பிளவில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். மேல்நோக்கிப் பாய்ந்தது போய்விடும்.

மூன்றாவது, கைமாற்று. வேகமாக ஓடும் அயனி ஒன்று, நின்றுகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறித்தது நடுநிலையாகி, தன் வேகத்தை விடாமல் காந்தப்புலத்தின் பிடியிலிருந்து நழுவி ஓடுகிறது. பறிகொடுத்தது அயனியாகி இழுபடுகிறது. கடைசியாக, அயனிகள் காற்று மூலக்கூறுகளில் நேரடியாக மோதி மேலே தள்ளுவதும் உண்டு.

பிளாஸ்மா இல்லையென்றால் யூரோப்பாவின் ஆக்ஸிஜன் இவ்வளவு வேகமாகத் தப்பாது. ஆனால் பிளாஸ்மா இல்லையென்றால் அந்த ஆக்ஸிஜன் இந்த அளவுக்கு உண்டாகியும் இருக்காது. ஊற்றைத் தோண்டியதும் மொள்ளுவதும் ஒரே கைதான்.

இழப்பு அந்த நிலவுக்கு எவ்வளவு பாரம்? நொடிக்கு 12 கிலோ ஆக்ஸிஜன் தர 13.5 கிலோ நீர் வேண்டும். 450 கோடி ஆண்டும் இதே வேகத்தில் நடந்து, எல்லாமே வெளியேறியிருந்தாலும் கரைந்திருக்கும் பனியின் கனம் 70 மீட்டருக்குள்தான். நிலவுக்கு அது நகக்கீறல்.

12 கிலோ என்ற எண்ணைக் கையாளும்போது கவனம் வேண்டும். ஒரே ஒரு கடப்பில் கிடைத்த அளவு அது. 6 முதல் 18 வரை இருக்கலாம். ஆய்வாளர்கள் தப்பி ஓடும் ஹைட்ரஜனை வைத்து ஆக்ஸிஜனைக் கணக்கிட்டார்கள். நீரில் ஹைட்ரஜனுக்கு எட்டு மடங்கு எடை ஆக்ஸிஜன் உண்டு என்பது அடிப்படை. முந்தைய மாதிரிக் கணக்குகள் நொடிக்கு 5 கிலோவிலிருந்து 1,100 கிலோ வரை பரந்து கிடந்தன. புதிய அளவு அடிமட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதால், யூரோப்பாவின் பனிக்கடியில் இருப்பதாகக் கருதப்படும் கடலுக்குள் இறங்கக்கூடிய ஆக்ஸிஜனைப் பற்றிய பெரிய நம்பிக்கைகளைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு தளர்வான காற்றைக் கண்டுபிடித்ததே ஒரு சாதனை. 1994-ல் ஹப்பிள் தொலைநோக்கி வழியாக யூரோப்பாவின் புறஊதா ஒளியைப் பார்த்தபோது ஆக்ஸிஜன் அணுவின் இரண்டு ஒளிர்வுகள் தெரிந்தன: 130.4, 135.6 நானோமீட்டர். பின்னது முன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசம். எலக்ட்ரான் மோதி ஆக்ஸிஜன் மூலக்கூறு உடையும்போதுதான் இந்த விகிதம் வரும். தனி அணுக்களோ நீராவியோ இருந்தால் விகிதம் வேறாக இருக்கும்.

இதே விகிதம் பிறகு வியாழனின் இன்னொரு நிலவான கனிமீடில் ஒரு புதிரை அவிழ்த்தது. 5,268 கி.மீ. விட்டமுள்ள அந்த நிலவில், நண்பகல் பக்கத்து நடுப்பகுதியில் விகிதம் குறைந்திருந்தது. 1998 முதல் சேர்ந்த ஹப்பிள் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, அங்கே நீராவி இருப்பதை 2021-ல் உறுதிப்படுத்தினார்கள். இங்கே வேலை செய்வது அடி அல்ல, வெயில். கனிமீடின் உச்சிப்பொழுதில் வெப்பநிலை 150 கெல்வினைத் தொடும். பனியின் ஆவியழுத்தம் வெப்பத்துக்கு எவ்வளவு கூர்மையாக ஆடும் என்றால், 110 கெல்வினிலிருந்து 150-க்கு ஏறும்போது அது இருபது லட்சம் மடங்குக்கு மேல் பெருகும். அதனால் வெயிலில் நேராகக் காயும் வட்டத்தில் மட்டும் நீராவிக் குடை ஒன்று விரிந்து நிற்கும். மாலையில் உறைந்து படிந்துவிடும். கனிமீடுக்குச் சொந்தக் காந்தப்புலமும் உண்டு, 1996-ல் கலிலியோ விண்கலம் கண்டது. அது நடுப்பகுதியை ஓரளவு காத்து, துருவங்களை அடிக்குத் திறந்து விடுகிறது. வியாழனின் மற்றொரு நிலவான கலிஸ்டோவில் 1999-ல் கார்பன் டை ஆக்சைடு தெரியவந்தது. சனியின் நிலவான ரியாவில் காசினி விண்கலம் 2010-ல் ஆக்ஸிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் நேராக உறிஞ்சி அளந்தது. ஆக்ஸிஜன் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐம்பதாயிரம் மூலக்கூறு என்ற அளவு. தடித்த நைட்ரஜன் காற்று கொண்ட சனியின் நிலவு டைட்டன் வேறு சாதி. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என்செலடஸ்: பிடிக்கவே முடியாத நிலவு

சனியின் என்செலடஸ் வெறும் 504 கி.மீ. குறுக்களவு. விடுபடு வேகம் நொடிக்கு 239 மீட்டர். அதன் தென்துருவத்தில் நான்கு நீண்ட பிளவுகளிலிருந்து நீராவி பீறிடுகிறது. 2005-ல் காசினி இதைக் கண்டது. பிளவுப் பகுதியின் வெப்பநிலை 180 கெல்வின் என்று வைத்தாலும் நீர் மூலக்கூறின் வேகம் நொடிக்கு 400 மீட்டர். வழக்கமான மூலக்கூறே விடுபடு வேகத்தைத் தாண்டிவிட்டது. வேகமான சிலவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஜீன்ஸ் கணக்கு இங்கே பயன்படாது. இது கசிவு அல்ல, குழாய் திறந்த ஓட்டம்.

வெப் தொலைநோக்கி 2022 நவம்பரில் பார்த்தபோது அந்தப் பீறல் 9,600 கி.மீ. தூரத்துக்கு மேல் நீண்டிருந்தது. நொடிக்கு 300 கிலோ நீர். நம் ஊர்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை நாற்பது நொடியில் நிரப்பும் வேகம். போனதில் சுமார் 30 சதவீதம் நிலவின் பாதையிலேயே ஒரு வளையமாகத் தங்க, மீதி சனியின் மற்ற நிலவுகளுக்கும் வளையங்களுக்கும் பரவுகிறது.

இந்த இழப்பு யூரோப்பாவைப் போல நகக்கீறல் அல்ல. 450 கோடி ஆண்டும் இதே வேகத்தில் ஓடியிருந்தால் என்செலடஸ் இன்றுள்ள எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கும். எனவே பீறல் எக்காலமும் இப்படியே இருந்தது என்று எடுத்துக்கொள்வது கடினம். விட்டு விட்டு நடந்திருக்கலாம், அல்லது பின்னால் தொடங்கியிருக்கலாம் என்று நினைப்பதே பொருத்தம்.

அந்த நீராவி திறந்த நீரிலிருந்து வருகிறதா, பனி நேராக ஆவியாவதிலிருந்து வருகிறதா என்று ஒரு வாதம் இருந்தது. தீர்த்து வைத்தது உப்பு. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி பாத்தியாகக் கடல்நீரை வற்றவிடும்போது மேலே போவது நீர் மட்டும். உப்பு முழுவதும் கீழேயே நிற்பதால்தான் நீரின் அடர்த்தி ஏறி, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்குகிறது. அமைதியாக ஆவியாகும் நீர் உப்பைத் தூக்காது. ஆனால் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்தது உப்புதானே, அது எப்படி அங்கே ஏறியது? அலை உடைந்து தெறித்த துளிகள். துளி காற்றில் பறந்து, காய்ந்து, உப்புப் பொடியாக இரும்பில் ஒட்டுகிறது. உப்பு மேலே வர வேண்டுமானால் திரவம் தெறித்தாக வேண்டும்.

காசினியின் தூசு அளவி, என்செலடஸிலிருந்து வந்த பனித்துகள்களில் சோடியம் உப்பைக் கண்டது. ஒரு வகைத் துகள்களில் உப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. நீராவி உறைந்து உண்டான துகளில் இவ்வளவு உப்பு வராது. கடல்நீர் மெதுவாக உறையும்போதும் பனி உப்பை வெளியே தள்ளிவிடும். ஆகவே அவை உறைந்த கடல்துளிகள். பிளவுக்கு அடியில் உப்புநீர்ப் பரப்பு திறந்து நிற்கிறது, குமிழிகள் அங்கே வெடிக்கின்றன. கனமான உப்புத் துகள்களில் பெரும்பாலானவை வேகம் போதாமல் அந்த நிலவின் மீதே பனியாகத் திரும்பி விழுகின்றன. சனியைச் சுற்றியுள்ள ‘ஈ’ வளையத்தில் உப்பு குறைந்த இலேசான துகள்கள் அதிகம் இருப்பதற்கு இதுவே காரணம்.

யூரோப்பாவிலும் இப்படிப் பீறல் உண்டு என்று 2012 ஹப்பிள் பதிவுகளை வைத்துச் சொன்னார்கள். அடுத்தடுத்துத் தேடியதில் அது உறுதியாகவில்லை. இருந்தாலும் யூரோப்பாவின் விடுபடு வேகம் என்செலடஸைப்போல எட்டு மடங்குக்கு மேல் என்பதால் பீறிய நீரில் மிகப்பெரும்பகுதி தரைக்கே திரும்பிவிடும். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-ல் போய்ச் சேர்ந்து, 49 முறை பக்கத்தில் கடக்க இருக்கிறது. ஒரே கடப்பை வைத்து வாதாடும் நிலை அப்போது மாறும். 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031-ல் வியாழனை அடைந்து, கனிமீடில் கூடுதல் காலம் செலவிடும்.

யூரோப்பாவைப் பார்க்க விண்கலம் வேண்டாம். 10×50 இருகண்ணோக்கி போதும். அரிச்சல்முனைச் சாலையில் ஊர் வெளிச்சம் படாது; வியாழன் கடலுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு வானமாவது ஏறும்வரை பொறுக்க வேண்டும். அடிவானத்துக்குப் பக்கத்தில் ஈரக்காற்று படிமத்தை அலைக்கழிக்கும். வண்டியின் கூரையிலோ சுவரிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் பிசுபிசுப்பு ஏறினால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. காய்ந்த உப்பு கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். வியாழனை ஒட்டி ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். யூரோப்பா வியாழனின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு தூரத்தைத் தாண்டிப் போகாது. ஒரு பக்கம் முழுத் தொலைவில் நின்றது இரண்டு இரவு கழித்து எதிர்ப்பக்கம் வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 3.55 நாள். அது இரண்டு சுற்று முடித்து முதல் இரவில் நின்ற இடத்துக்கு வரும்போது, முதல் இரவில் அங்கே தாவிக்கொண்டிருந்த ஆக்ஸிஜனில் பெரும்பகுதி போய், வேறு ஆக்ஸிஜன் தாவிக்கொண்டிருக்கும்.